வெள்ளகோவில் கடைச் சுவரில் என் மகள்

1

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய மருந்துக்கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துவது என் மகள் நித்யா. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பாள். அவளைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு தலைவலி மாத்திரைகூட விழுங்க மாட்டார்கள்.

இது பொய். கடை அவளுடைய மாமனாருடையது. கல்லாவில் உட்காருவதும் அவர்தான். மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் குமரேசன். அதற்கு முன்னால் அவன் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் பண்டல் கட்டிக்கொண்டிருந்தான். என் மகள் போன வாரம் வரைக்கும் கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் சோறாக்கினாள். கடையில் இருந்தது அவளுடைய சர்ட்டிபிகேட். கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குக் கீழே மாட்டி, சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டு, தினமும் காலையில் சாமிக்குக் காட்டுகிற சாம்பிராணியை அதற்கும் சேர்த்துக் காட்டினார்கள்.

மருந்துக்கடை என்றால் படித்துப் பதிவு செய்த ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும் என்று சட்டம். ஆளை நிற்கவைப்பது கஷ்டம். சர்ட்டிபிகேட்டுக்குக் கால் வலிக்காது, அது லீவும் கேட்காது.

நான் இந்தப் பொய்யை, வேலைக்கு வந்திருக்கிற மொரீசியஸ் தீவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மில் கேட்டில் நிற்கிற காவல்காரனுக்கும் தெரியும். ரொட்டிக் கடைக்காரிக்கும் தெரியும். போன மாதம் அந்தப் பொய் திரும்பி வந்து என்னையே கடித்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதுகிறவன் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை. அவர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற மாதிரி தெரியவில்லை, அதனால் நான் போய்விட்டேன். மிச்ச எழுத்தெல்லாம் பனியன் பெட்டிகளில் படித்தது. இன்றைக்கும் எனக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற சொற்கள் 'வெள்ளை', 'கை வைத்தது', 'கை வைக்காதது' ஆகிய மூன்றுதான். மற்றதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். திருப்பூரில் பார்த்த அதே வேலைதான். துணி நெய்கிற மெஷினுக்கு பிட்டர். வட்டமாகச் சுற்றுகிற பெரிய மெஷின், அதில் வரிசையாக ஊசிகள். ஏதாவது ஒரு ஊசி மடங்கினால் துணியில் மேலிருந்து கீழே ஒரு கோடு விழும். கோடு விழுந்த பிறகு துணியைப் பார்த்து அழுவதில் பிரயோசனம் இல்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே சத்தத்தைக் கேட்டு, மடங்கப் போகிற ஊசியைப் பிடித்து மாற்ற வேண்டும். அதற்குத்தான் என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தார்கள்.

காலையில் மில் பஸ். மத்தியானம் சோறும் பருப்பும். சாயங்காலம் அறை. உடன் இருப்பவன் ரபீக், டாக்கா பக்கத்துக்காரன். என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டான். அதனால் 'வாங்க, போங்க, சாப்டாச்சுங்களா' என்று கொங்குத் தமிழ் பேசுகிற ஒரே டாக்காக்காரன் உலகத்திலேயே அவனாகத்தான் இருப்பான்.

இந்த நாட்டில் என் பெயர் பழனிச்சாமி. அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினார்களோ, வந்த நாளிலிருந்து எல்லா ஆபீஸிலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பெர்மிட் புதுப்பிக்கும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மாளிடம் சொல்வேன், "அவர் எங்கப்பனுங்க, அவர் செத்துப்போயிட்டாருங்க" என்று, எனக்குத் தெரிந்த இந்த ஊர்க் கிரியோல் பாஷையில். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்து, ரொம்ப வருத்தம் என்று சொல்லிவிட்டு, அவர் பெயரிலேயே முத்திரை குத்திக் கொடுப்பாள். உயிரோடு இருந்தவரைக்கும் தாராபுரத்தைத் தாண்டாத மனுஷன், செத்த பிறகு மொரீசியஸில் மெஷின் ஓட்டுகிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று எந்த ஆபீஸுக்கும் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்கவைப்பதுதான் என் பிழைப்பு. இங்கே என்னை 'ப்ளாகேர்' என்பார்கள். சும்மா அளந்துவிட்டுச் சிரிக்கவைக்கிறவன் என்று அர்த்தம். ஊரில் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'சிரிப்பு மாஸ்டர்'. கல்யாண வீட்டில் என் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள்.

சிரிக்கவைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிறவன் அழுதால் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. அதனால் அறையில் காய்ச்சலில் கிடந்தபோதும் சிரித்தேன், பெர்மிட் தள்ளிப்போய் அப்பாவின் சாவுக்குப் போக முடியாதபோதும் எதையோ சொல்லிச் சிரித்தேன். நித்யா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அப்பா, சிரிப்பு சொல்லுங்க" என்பாள். பெரிய வகுப்பு போனதும் "ம்" ஆனது. காலேஜ் போனதும் "சரிங்ப்பா, அம்மாகிட்டக் குடுக்கறேன்" ஆனது. நான்தான் கவனிக்கவில்லை. எனக்குச் சத்தம் கேட்டுப் பிடிக்கத் தெரிந்தது மெஷினில் மட்டும்.

3

அவளுக்கு டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை. திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலேஜ்காரர்கள் எல்லாம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் லீவில் வந்திருந்த நேரம். மூன்று பேரும் போனோம். கழுத்தில் டை கட்டிய ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"பார்மசி போடுங்க. பார்ம் டின்னு ஆறு வருசப் படிப்பு, முடிச்சாப் பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமுங்க."

என் மனைவி சரசு கேட்டாள், "ஊசி போடுவாளுங்களா?"

"ஊசி போட மாட்டாங்க. ஊசியில எந்த மருந்து, எவ்வளவு, யாருக்கு ஆகாதுங்கறத இவங்கதான் சொல்லுவாங்க. டாக்டரே இவங்களக் கேட்டுத்தான் எழுதணும்."

"அப்ப டாக்டருக்கு வேலை இருக்காதேங்க" என்றேன். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நித்யா சிரிக்கவில்லை. அந்த ஆள் கையில் இருந்த காகிதத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஆஸ்பத்திரியில் வேலை. மாத்திரை கம்பெனியில் தயாரிப்பு. தயாரித்ததைச் சோதிக்கிற வேலை. புது மருந்தை ஆராய்ச்சி செய்கிற வேலை. பரீட்சை எழுதினால் மருந்து ஆய்வாளர். காலேஜில் வாத்தியார். ஒன்றும் இல்லையென்றால் சொந்தமாகக் கடை. "எந்தக் கதவத் தட்டுனாலும் தெறக்குமுங்க" என்றார்.

கதவு திறக்காமல் இல்லை, திறந்தது. உள்ளே போனால்தான் நாற்காலி இல்லை. அவளோடு படித்த தாராபுரத்துப் பெண், கோயமுத்தூரில் மெடிக்கல் கோடிங் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அமெரிக்காக்காரன் நோய்களுக்கு நம்பர் போடுகிறாள். ஒரு பையன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் நிற்கிறான், மருந்து கம்பெனிக்கு ரெப்பாக. டாக்டர் வெளியே வரும்போது எழுந்து நிற்பது அவன் வேலையில் பாதி. இன்னொருத்தன் வடக்கே ஒரு மாத்திரை பேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறான், இந்தி தெரியாமல். நம் ஊர் பனியன் கம்பெனியில் பீகார்ப் பையன்கள் தமிழ் தெரியாமல் நிற்பார்களே, அதே மாதிரி. நன்றாகப் படித்த ஒரு பெண் அதே காலேஜில் வாத்தியாராகி, அடுத்து வருகிறவர்களுக்கு அதே கதவுகளை எண்ணிக் காட்டுகிறாள். மிச்சப் பேர் சர்ட்டிபிகேட்டை யாரோ ஒரு கடைக்காரருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள்.

நித்யாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரி மேல் கண். கடைசி வருஷம் முழுக்க அவளை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விட்டார்கள். ஒருநாள் போனில் அவளாகவே பேசினாள், அதிசயமாக.

"கட்டில் கட்டிலாப் போயி மருந்துச் சீட்டப் பாக்கோணுங்ப்பா. எந்த மருந்து எதோட சேராதுன்னு கண்டுபிடிச்சு டாக்டர்கிட்டச் சொல்லோணும். இன்னிக்கு ஒரு வயசான ஆயாவுக்கு நாஞ்சொல்லி மருந்த மாத்துனாங்க."

"அந்த ஆயா உனக்கு எதாச்சும் குடுத்தாங்களா?"

"அவங்களுக்கு மாத்துனதே தெரியாதுங்ப்பா. தெரிய வேண்டாம்."

எனக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு எதற்கு ஆறு வருஷம் என்று நினைத்தேன். ஏதோ சிரிப்பாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

4

நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது வெள்ளகோவில் ஜாதகம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்கு ரெஜிஸ்டர் ஆயிருச்சுங்களா?"

பாட்டு தெரியுமா, சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. எத்தனை பவுன் என்றும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படிப்புக்கு மரியாதை கொடுக்கிற குடும்பம் என்று சரசுவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர்களுடைய கடையில் அதுவரை வாடகைக்கு மாட்டியிருந்த சர்ட்டிபிகேட்டின் சொந்தக்காரர் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைக்கு ஒரு பேர் வேண்டும், பையனுக்கு ஒரு பெண் வேண்டும். இரண்டையும் ஒரே முகூர்த்தத்தில் முடித்துக்கொண்டார்கள்.

நிச்சயத்தன்று நாங்கள் செய்ததை வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். சம்பந்தி லேசாகச் சொன்னார், "சர்ட்டிபிகேட்டையும் சீரோட கொண்டாந்துட்டீங்கன்னா நல்ல நேரத்துல மாட்டிரலாமுங்க." நானே கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிய சர்ட்டிபிகேட். அதைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் தேங்காய், பழம், பட்டுச் சேலை, மல்லிகைப்பூ. சரசு கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அந்தக் குங்குமம் சரியாக உள்ளே இருந்த நித்யாவின் போட்டோவுக்கு நெற்றியில் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து பார்த்தார்கள். மேளம் அடிக்க, அந்தத் தட்டை என் தங்கச்சி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "எம்பொண்ணு ரெண்டு பேருங்க. ஒருத்தி நடந்து வாரா, ஒருத்திய தூக்கிட்டு வாராங்க" என்று நான் மைக்கில் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

சொன்னது சிரிப்புக்குத்தான். அப்படியே நடந்துவிட்டது. தட்டில் போனவள் கடைக்குப் போனாள். நடந்து போனவள் சமையலறைக்குப் போனாள். கடையில் ஏன் நிற்கக் கூடாது என்று நித்யா கேட்டதற்கு மாமனார் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார், "நம்ம ஊட்டுப் பொம்பளைங்க கடையில நிக்கிற பழக்கமில்லீங்க, அம்மணி. உன்ற பேரு நிக்குதல்லோ, அதே பெரிய கௌரவம்."

5

போன மாதம் எனக்குத் தலை சுற்றியது. மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மில் டாக்டர் பிரஷர் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், அதைத் தவறாமல் சாப்பிடுகிறேன், ஆனாலும் இறங்கவில்லை. மாத்திரை வாங்க வழக்கமான பார்மசிக்குப் போனேன். அங்கே நிற்கிற பார்மசிஸ்ட் தேவி என்கிற பெண்ணுக்கு நித்யா வயதுதான் இருக்கும். அவளுடைய கொள்ளுப்பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். தமிழில் 'வணக்கம்' தெரியும், காவடித் திருவிழாவில் கத்துகிற 'அரோகரா' தெரியும், அவ்வளவுதான். என் மகளும் பார்மசிஸ்ட் என்று நான் அவளிடம் அளக்காத நாள் இல்லை.

அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தாள். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தாள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். முட்டி வலிக்கு ஊரிலிருந்து வருவதைச் சொன்னேன். கொண்டுவரச் சொன்னாள்.

கொண்டுபோய்க் காட்டினேன். நம் ஊரில் கொடுப்பார்களே, அப்படித்தான். அட்டையிலிருந்து பிரித்து, மூன்று நிற மாத்திரையை ஒரு காகித உறையில் போட்டு, மேலே 'காலை, இரவு' என்று எழுதி. ஊருக்குப் போய் வருகிறவர்கள் கையில் சம்பந்தி கொடுத்துவிடுவது. குமரேசன் கைப்பக்குவம். வலி பறந்துவிடும்.

அவள் அதை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, மேலே இருந்த எழுத்தை விளக்கில் பார்த்தாள். கம்ப்யூட்டரில் தேடினாள். இதில் இரண்டு ஒரே வகை வலி மருந்து, வேறு வேறு நிறத்தில் என்றாள். பிரஷர் மாத்திரை கீழே இழுக்கிறது, இவை மேலே தள்ளுகின்றன என்று கையால் காட்டினாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் சிறுநீரகம் போய்விடும் என்றாள். மெதுவாகத்தான் பேசினாள். மடங்கப் போகிற ஊசியைச் சத்தத்திலேயே பிடிக்கிற மாதிரி பேசினாள். நித்யா போனில் சொன்ன கட்டில் வேலை என்னவென்று எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

பிறகு கேட்டாள், "இதை யார் கொடுத்தது?"

வாய்ப் பழக்கம். பெருமையாகச் சொன்னேன், "எம்பொண்ணு கடையில இருந்து வந்ததுங்க."

அவள் முகம் மாறியது. இத்தனை நாள் 'உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்' என்று கேட்டு வந்த பெண். அந்தக் காகித உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இப்படிக் கொடுக்கக் கூடாது. அப்பாவுக்கு மட்டும் இல்லை, யாருக்கும். அங்கே ஏதாவது ஆனால் அவள் பெயரைத்தான் தேடி வருவார்கள்" என்றாள்.

இல்லைம்மா, அவள் கொடுக்கவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது, அவள் உள்ளே சோறாக்கிக்கொண்டிருப்பாள் என்று சொல்ல எனக்கு அத்தனை கிரியோல் தெரியாது. தெரிந்திருந்தாலும், இத்தனை நாள் அளந்ததெல்லாம் பொய் என்று அதே வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் என்னைப் பார்த்து யாரோ ஒருத்தன் 'ப்ளாகேர்' என்று கூப்பிட்டான். நான் திரும்பவில்லை.

6

நித்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"ஏங்கண்ணு, உங்க மாமனார் எனக்கு மாத்தர அனுப்பறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்ப்பா. கடைக்குள்ள நான் போறதே எப்பவாச்சும் ஆபீசருங்க சோதனைக்கு வர்றப்பத்தான். கோட்டப் போட்டு உக்கார வெப்பாங்க. போனதும் கோட்டக் கழட்டிக் குமரேசண்ணங்கிட்டக் குடுத்துருவேன்."

அதற்குப் பிறகு அவளாகச் சொன்னாள். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டில் கட்டிலாகப் போகிற வேலையேதான். ஆனால் ஒரு பேர் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். கடையிலிருந்து பேரை எடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர முடியும். கேட்டதற்கு வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எதாச்சும் சிரிப்பாச் சொல்லுவீங்கன்னுதானுங்ப்பா."

மெஷின் ஊசி விரலில் ஏறியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

"பேசறேன். நான் பேசறேங்கண்ணு."

"ஒருக்கா மட்டும் சிரிக்காமப் பேசுங்ப்பா."

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கடையில் எல்லோரும் கூடினார்கள். சம்பந்தி, அவருடைய அண்ணன், மாப்பிள்ளை பிரபு, திருப்பூரிலிருந்து போன சரசு. போனை இருமல் மருந்துப் பாட்டில்கள் மேல் சாய்த்து வைத்து என்னை வீடியோவில் கூப்பிட்டார்கள். பாட்டில்களுக்கு நடுவில் என் தலை தெரிந்திருக்கும், காலாவதியான சரக்கு மாதிரி.

"வாங்க மொரீசியஸ், சாப்டாச்சுங்களா?" என்றார் சம்பந்தி. அப்போதே வாயில் சிரிப்பு.

"ஆச்சுங்க. நித்யா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகட்டுமுங்க. சர்ட்டிபிகேட்டக் கழட்டிக் குடுத்துருங்க."

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"கழட்டிட்டு அந்த எடத்துல உங்க போட்டோவ மாட்டிக்கட்டுமுங்களா?" என்றார் சம்பந்தி.

"மாட்டலாம்ப்பா, திருஷ்டிக்கு ஆகும்" என்றார் அண்ணன்.

"நெசமாத்தானுங்க சொல்றேன்" என்றேன்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஏனென்றால் நான் எந்தப் பொய்யை அவிழ்த்துவிடும்போதும் 'நெசமாத்தானுங்க' என்றுதான் ஆரம்பிப்பேன். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரசுவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் மறுபடி சொன்னேன். குரலை உயர்த்திச் சொன்னேன். என் முட்டி மாத்திரையைச் சொன்னேன், சிறுநீரகத்தைச் சொன்னேன். குமரேசன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். இத்தனை வருஷமாக நான் அனுப்பிய சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்து அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நித்யா காபித் தட்டோடு உள்வாசலில் நின்றிருந்தாள்.

"எங்கப்பா சிரிப்புக்குச் சொல்லலீங்க."

"கண்ணு, பெரியவங்க பேசிட்டிருக்கறோம். காபியக் குடு" என்றார் மாமனார்.

அவள் தட்டைக் கல்லா மேல் வைத்தாள். குமரேசன் மேல் அலமாரி எட்டுவதற்கு வைத்திருக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். சிவப்பு பல்பின் வயரை விலக்கி, சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்தாள்.

பிரபு எழுந்து போனான். "நித்யா, கடைக்கு வந்தவங்க பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. இத்தன நாளா இதத்தான பாத்தாங்க."

அது மாட்டியிருந்த இடத்தில் சுவர் புதுசாக, பச்சைப் பசேல் என்று இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பிராணிப் புகையில் கறுத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் இறங்கிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பழைய குங்குமம் காய்ந்து ஒட்டிப் போயிருந்தது, வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

8

இப்போது நித்யா திருப்பூரில் அம்மாவோடு இருக்கிறாள். சட்டத்தைப் பனியன் வேஸ்ட்டுத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்திருக்கிறாள். வெள்ளகோவில் கடை பாதி ஷட்டரில் நடக்கிறது. யாராவது பார்த்துப் புகார் எழுதிப் போட்டால் முழு ஷட்டரும் இறங்கிவிடும். நாளைக்குத் திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கடையிலிருந்து பேரை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று மாமனார் கையெழுத்துப் போட வேண்டும்.

சம்பந்தி பிடிவாதமாக ஒன்றைத்தான் சொல்கிறார். சின்னப் பிள்ளை கோபத்தில் செய்ததை அவர் மனதில் வைக்கவில்லையாம். பெரியவர்கள் பேசி முடித்ததைப் பெரியவர்கள்தான் மாற்ற வேண்டுமாம். நான் அன்றைக்குச் சொன்னது விளையாட்டுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவளைப் பழையபடி தாம்பாளத்தில் வைத்துக் கூட்டிப்போவார்களாம். நிஜம் என்றால், சர்ட்டிபிகேட் போன இடத்திலேயே பெண்ணும் இருந்துகொள்ளட்டும் என்கிறார்.

பிரபு தினமும் கூப்பிடுகிறான். கெட்ட பையன் இல்லை. "மாமா, நானும் நடுவுல மாட்டிட்டனுங்க. வெளையாட்டுக்குத்தானுங்களே சொன்னீங்க?" என்று கெஞ்சுகிறான்.

சரசுவும் அதையே சொல்கிறாள். "ஏனுங்க, வெளையாட்டுக்குன்னு சொல்லிப்போடுங்க. ஊரே சிரிக்குது."

"ஊரச் சிரிக்க வெக்கறதுதான என்ற சோலி?"

"இத்தன நாளா நீங்க சொல்றதக் கேட்டுச் சிரிச்சாங்க. இப்ப உங்களப் பாத்துச் சிரிக்கறாங்க."

நித்யா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நீங்க சொன்னது வெளையாட்டுன்னா நான் திரும்பிப் போயிடறேனுங்ப்பா. தனியாப் பேசிப் பேசி எனக்கு ஓஞ்சு போச்சு. நெசம்னா நெசம்னு சொல்லுங்க. அவங்க நம்பற மாதிரி சொல்லுங்க."

நம்பற மாதிரி. என் வாயிலிருந்து நம்பும்படி ஒரு சொல் வருவதற்கு நான் எங்கே போவேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்ப்பார்கள், கையைப் பிடிக்கலாம். இங்கிருந்து நான் வெறும் குரல். அந்தக் குரலுக்கும் ஒரே ஒரு வேலைதான் பழகியிருக்கிறது. லீவு கேட்டேன். பெர்மிட் புதுப்பிக்கிற நேரம், பழனிச்சாமி நாட்டை விட்டுப் போக முடியாது என்றுவிட்டார்கள்.

இன்றைக்கு மத்தியானம் வெள்ளகோவில்காரர்கள் எல்லோரும் திருப்பூர் வீட்டுக்கு வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன்னால் நின்று 'நெசமுங்க' என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் கண்ணாடியை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அதுவரைக்கும் அந்தச் சட்டம் போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பதிவு சர்ட்டிபிகேட் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். இரண்டு பேரும் காதர்பேட்டை பக்கம் ஒரு சட்டம் போடுகிற கடைக்குப் போனோம். கடைக்காரர் வேலையில் குனிந்தபடியே கேட்டார், "சாமி படமுங்களா, எறந்தவங்க படமுங்களா? எறந்தவங்கன்னா மாலை மாட்ட மேல ரெண்டு கொக்கி எச்சா வெக்கோணும்."

"எம்பொண்ணோடதுங்க. சாமிக்குக் கொஞ்சம் கீழ" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நல்ல கனமான தேக்குச் சட்டம், பின்னால் பலகை வைத்து ஆணி அடித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். நித்யா உடனே குறுக்கே வந்தாள்.

"அண்ணா, ஆணி வேண்டாங்க. கழட்டி எடுக்கற மாதிரி போடுங்க. நான் வேலைக்குப் போற எடத்துக்கெல்லாம் கொண்டுபோகோணும்."

அதற்கு அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா, அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு

ரபீக் கூப்பிடுகிறான். என் போன் அவன் கட்டில் பக்கம் சார்ஜில் கிடக்கிறது. "மாஸ்டர், போனுங்க. ஊர்ல இருந்துங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் குழாயில் போய் முகத்தைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பழக்கத்தில் வாய் சிரித்துவிடும்.